வாய் கொப்பளிக்காத வண்டி

நான் கோயிலுக்குப் போகாததற்கு நாத்திகம் காரணமில்லை. என் மூக்குதான் காரணம். இலுப்பை எண்ணெயில் விளக்கெரியும் பழைய கோயில்கள் நம் பக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கின்றன. அந்த வாசலை மிதித்ததுமே நான் திரும்பி நடந்துவிடுவேன். "அவங்களுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது" என்று மருமகள் எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்துவிடுவாள். அவளுக்கு விஷயம் தெரியாது. சொன்னாலும் புரியாது. என் வயதுக்காரர்களான உங்களுக்குப் புரியும். டீசலுக்காகப் பங்க்கில் காலி டின்களை வரிசையாக வைத்து, காற்றில் உருளாமல் இருக்க டின் மேல் கல்லையும் வைத்துவிட்டு, ஆட்கள் நாள் முழுக்க மரத்தடியில் படுத்துக் கிடந்த காலத்தை நீங்களும் பார்த்தவர்கள்தானே.

எழுபதுகளின் கடைசி. எனக்கு அப்போது பத்து வயது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். பருத்தியும் சோளமும் கடலையும் விளையும் கரிசல் மண். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஏரி, ஏரிக்கரையில் மதகு, மதகைத் தாண்டினால் தெருக்கள். இந்த மதகை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்த ஒரே கார் அப்பாவுடையது. நாங்கள்தான் கார் என்போம், ஊருக்கு அது பிளஷர். வாடகைக்கு ஓட்டுவார். கல்யாணமா, பொண்ணு பார்க்கவா, ஆஸ்பத்திரிக்கா, எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். வாங்கும்போதே கிழடு. அதன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, உடைத்துப் போட்ட ஏதோ ஒரு வேனின் டீசல் இன்ஜினைப் பாடாலூர் மெக்கானிக் பாய் அதில் பொருத்திக் கொடுத்திருந்தார். நின்றால் உதறும், கிளம்பினால் உறுமும். பின்பக்கம் இடது கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி கிடையாது, சொருகி வைக்க ஒரு மரச்சக்கை இருந்தது. சீட்டு கிழிந்து தேங்காய் நார் வெளியே எட்டிப் பார்க்கும். உள்ளே இருந்த சின்ன விளக்கு கதவை ஓங்கிச் சாத்தினால்தான் எரியும். அந்த விளக்குக்காகவே நான் கதவை ஓங்கி ஓங்கிச் சாத்தி அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எவ்வளவு திட்டினாலும் அவர் என்னை "பாப்பா" என்றுதான் முடிப்பார்.

டீசல் தட்டுப்பாடு வந்ததும் வண்டி தெருமுனைப் புளியமரத்தடியில் நின்றுவிட்டது. பம்ப்செட் வைத்த விவசாயிகளுக்கு தாலுகா ஆபீசில் டீசல் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வாடகைக் காருக்குச் சீட்டு எழுத யாருக்கும் கை வரவில்லை. மெயின் ரோட்டில் பஸ்களும் பாதியாகக் குறைந்துவிட்டன. அப்பா தினமும் வண்டியைத் துடைப்பார், உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்புவார், இறங்கி வருவார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படியில் பாத்திரத்தை ஓசைப்படுத்துவாள். எங்கள் வீட்டில் சண்டை என்றால் அதுதான், வாய்ப்பேச்சு இருக்காது.

புரட்டாசியில் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. ஜெயங்கொண்டத்துப் பக்கம் முந்திரிக்காடு உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். தாய் தகப்பன் இல்லாதவளுக்கு அண்ணன் வீடே தாய்வீடு. ஏழாம் மாசம் வளைகாப்பு முடித்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்களோடு, மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடந்தே வந்தாள். அப்பா பதறிப்போய் மதகு வரை ஓடினார்.

"பிளஷர்காரர் தங்கச்சி பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்ணே. கண்டக்டர் சிரிக்கிறான்" என்றாள் அத்தை. கேலிதான். அவளுக்கு எல்லாமே கேலி. ஆனால் அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

"பிரசவத்துக்கு நீ என் வண்டியிலதான் போவே. பாத்துக்கிட்டே இரு" என்றார்.

ஐப்பசியில் நர்சம்மா வந்தார். மாசத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பவர். அத்தையின் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. வெளியே வந்து அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பிள்ளை குறுக்கே கெடக்குங்க. திரும்புனாலும் திரும்பும். திரும்பலன்னா வூட்டுல வெச்சுப் பார்க்கறதுங்கற பேச்சே கூடாது. வலி எடுத்த ஒடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துடணும். ரெண்டு உசுருங்க, ஞாபகம் வெச்சுக்கங்க."

டவுனுக்குப் பன்னிரண்டு மைல். மாட்டு வண்டியில் போனால் பாதி நாள். அன்று மத்தியானமே அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பாடாலூருக்குப் போனார்.

மெக்கானிக் பாய் மறுநாள் பையோடு வந்து இறங்கினார். "டீசல் இன்ஜினு எதையும் குடிக்கும்ணே. சூடா குடுத்தா நல்லாக் குடிக்கும். இன்ஷா அல்லா, ஓட்டிக் காட்டுறேன்" என்றார். எண்ணெய்தான் அவர் மனதில் இருந்தது. கடலை எண்ணெய் சட்டிக்கே காணவில்லை, அதைக் காருக்கு ஊற்றினால் ஊரே கல்லால் அடிக்கும். சாப்பாட்டுக்கு ஆகாத எண்ணெய் என்றால் இலுப்பைதான். பக்கத்து ஊர்க் கோயில் தோப்பில் ஆடி மாசம் உதிர்ந்த கொட்டைகளை உலர்த்தி மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அப்பா மூட்டை மூட்டையாக வாங்கி எண்ணெய் மில்லில் ஆட்டிக்கொண்டு வந்தார்.

மூன்று நாள் வேலை நடந்தது. எண்ணெய் போகும் செம்புக் குழாயைப் புகைக்குழாய் மேல் பாம்பாகச் சுற்றினார் பாய். முன்னால் ஒரு சின்ன டின், அதில் டீசல். பின்னால் பழைய டேங்க்கில் எண்ணெய். நடுவில் பித்தளையில் ஒரு திருகு. கிளப்பும்போது டீசல். இன்ஜின் கொதித்ததும் திருகைத் திருப்பினால் எண்ணெய். எண்ணெயை வடிகட்ட அப்பாவின் பழைய வேட்டியை நான்காக மடித்து நானும் அத்தையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். வேட்டியின் அடியில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அத்தை வளையல் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"முக்கியமானது கேட்டுக்கங்கண்ணே" என்றார் பாய், கிளம்பும்போது. "நிறுத்தறதுக்கு முன்னாடி திரும்ப டீசலுக்கு மாத்தி ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விடணும். குழாயில, பம்புல எண்ணெய் தங்கக் கூடாது. சாப்புட்டுட்டு வாய் கொப்பளிக்கிறோம்ல, அந்த மாதிரி. கொப்பளிக்காம மட்டும் படுக்க விட்டுறாதீங்க."

அத்தைக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், வயிற்றைத் தாங்கிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிடுவாள். "வாய் கொப்பளிச்சாச்சாண்ணே?" என்பாள். "கொப்பளிக்குதும்மா" என்பார் அப்பா. ஐந்து நிமிஷம் வண்டி உதறிக்கொண்டு நிற்கும். பம்ப்செட்காரர்களிடம் பாட்டில் பாட்டிலாகக் கெஞ்சி வாங்கிய டீசல், கிளம்பவும் கொப்பளிக்கவும் மட்டும்தான் என்பதால் போதுமானதாக இருந்தது. நானும் அத்தையும் அந்தச் சத்தம் அடங்கும் வரை நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். பிறகு தாயம் ஆடுவோம். அவள் கள்ளாட்டம் ஆடுவாள், பிடித்துவிட்டால் வயிற்றைக் காட்டி, "உள்ள இருக்கறவன்தான் காயை நவுத்துனான்" என்பாள்.

வண்டி போகும் வழியெல்லாம் கோயில் வாசனை அடித்தது. அதை எப்படிச் சொல்ல? புகையில் கருவறை மணம். வயல்களில் நின்ற பெண்கள் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், திரும்பிப் பார்த்தால் எங்கள் வண்டி. சிரிப்பு தாங்காது. "சாமிக்கு ஊத்துற எண்ணெய்ய வண்டிக்கு ஊத்துறான்" என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களும் அவசரம் என்றால் அந்த வண்டியில்தான் ஏறினார்கள். அப்பா தலை நிமிர்ந்து நடந்து நான் பார்த்தது அந்த இரண்டு மாசம்தான்.

மார்கழி பிறந்தது. குளிர் ஆரம்பித்தது. காலையில் அம்மா முதல் வேலையாகச் சாமி விளக்கு எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்போரம் வைப்பாள். அதுவும் இலுப்பைதான், மில்லிலிருந்து வந்ததில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தாள். ராத்திரிக் குளிரில் நெய்யாக உறைந்து கிடக்கும். உருகியதும் திரியில் ஊற்றுவாள். இதை அப்பா தினமும் பார்த்தார். நான் பார்த்தேன். அத்தை பார்த்தாள். தெருமுனையில் நிற்கும் வண்டியின் குழாயிலும் அதே எண்ணெய்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டி தினமும் வாய் கொப்பளித்துவிட்டுத் தூங்கியது, காலையில் டீசலில் கிளம்பியது, டேங்க்கில் உறைந்திருந்த எண்ணெய் சூட்டில் தானே இளகியது. அதனால் தோன்றவில்லை. அடுப்படி அம்மாவுடையது, வண்டி அப்பாவுடையது. ஒன்றைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

பிள்ளை திரும்பவில்லை. நர்சம்மா மறுபடி வந்து சொல்லிவிட்டுப் போனார், இன்னும் பத்து நாள் இருக்கலாம் என்று.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு அண்ணன் தம்பி. அவர்களுடைய அப்பா திருச்சியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். உடலைக் கொண்டுவர வண்டி இல்லை. டீசல் இல்லாமல் எல்லா வண்டியும் நின்றிருந்தது, எங்களுடையதைத் தவிர.

"மன்னிச்சுக்கங்க. வூட்டுல நெறமாசக்காரி இருக்கா" என்றார் அப்பா.

மூத்தவன் தெருவில் அப்படியே அப்பா காலில் விழுந்தான். "எங்கப்பனை அனாதையா விட்டுறாதீங்கண்ணே" என்று கதறினான். அப்பாவால் என்ன செய்ய முடியும்? சாவுக்குப் போன வண்டியை நிறைமாசக்காரி கண்ணில் காட்டக் கூடாது, அது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. காட்டாமல் இருந்தால் போதும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அத்தையிடம், "எறையூர் சர்க்கரை ஆலைக்கு ஒரு சவாரி, சாயங்காலம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து என் இடுப்பில் ஏற்றி வைத்தாள்.

"மதகுகிட்டப் போய் நில்லு. வண்டி வந்தா ஊருக்குள்ள வுடாத. சக்கரத்துல, முன்னாடி எல்லாம் இதத் தெளிக்கச் சொல்லு. அங்கயே ஏரியில முழுவிட்டு நடந்து வரச் சொல்லு. வண்டி காலைல வரட்டும். இன்ஜின ஒடனே அமத்திரச் சொல்லு, தெரியுதா? சத்தம் கேட்டா உங்க அத்தை ஓடியாந்துருவா. அவ கண்ணுல பட்டா வயித்துப் பிள்ளைக்கு ஆவாது."

எனக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு அது. குடம் கனத்தது. மதகுக் கட்டையில் வைத்துவிட்டு, ரோட்டு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று பார்த்தேன், பழக வேண்டுமே. பனி இறங்க ஆரம்பித்திருந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தபோது வண்டி வந்தது. நான் கையை விரித்து நின்றேன். அப்பா பிரேக் போட்டார். அவர் முகம் நாள் முழுக்க அழுகையைக் கேட்டுக் களைத்திருந்தது.

"இங்கயே நிறுத்தணுமாம்ப்பா. அம்மா சொல்லுச்சு."

"சரிடா பாப்பா. நானும் இங்கதான் நிறுத்தலாம்னு வந்தேன்." குனிந்து பித்தளைத் திருகைத் திருப்பினார். "அஞ்சு நிமிஷம் நில்லு. வாய் கொப்பளிச்சுட்டு அமத்திடறேன்."

"இல்லப்பா, ஒடனே அமத்தணுமாம். சத்தம் கேட்டா அத்தை வந்துருமாம்."

"இப்பத்தான் டீசலுக்கு மாத்துனேன். கொஞ்சம் பொறு."

நான் ஊர்ப்பக்கம் பார்த்தேன். தெருமுனையில் ஒரு பெண் உருவம் வந்துகொண்டிருந்தது. இடுப்பில் ஏதோ இருந்தது, நடை அசைந்து அசைந்து இருந்தது. "அத்தை வருதுப்பா! அமத்துப்பா! அமத்து!" என்று கத்தினேன், காலை உதைத்து அழுதேன்.

அப்பா சட்டென்று இன்ஜினை அமர்த்தும் நாப்பை இழுத்தார். வண்டி ஒருமுறை உதறி அடங்கியது.

அந்தப் பெண் குடத்தோடு பக்கத்துச் சந்தில் திரும்பிப் போய்விட்டாள். தண்ணீர் எடுத்துப் போகும் யாரோ ஒருத்தி. யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சரி வுடு. காலைல மொத வேலையா வந்து பாத்துக்கறேன்" என்றார் அப்பா. மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். ஏரியில் முங்கி எழுந்தார், குளிரில் பல் தந்தியடித்தது. நான் குடத்தை எடுக்கப் போனேன். "தொடாத. சாவு வண்டிகிட்ட வெச்சது. அதையும் காலைல எடுத்துக்கலாம்" என்றார். ஈர வேட்டியோடு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால்.

வாசலிலேயே அத்தை. "வண்டி எங்கண்ணே? சத்தமே காணும்? எறையூர்ல போட்டுட்டு வந்துட்டியா?"

"மதகுகிட்ட நிக்குது. டயர்ல காத்து கொறைஞ்சு போச்சு."

"வாய் கொப்பளிச்சாச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஆச்சும்மா" என்றார்.

மறுநாள் அம்மா கோலம் போட வாசலுக்கு வந்த நேரத்தில் அத்தைக்கு வலி எடுத்தது. பத்து நாள் இருந்ததே என்று யாரும் யாரையும் கேட்க நேரமில்லை. அப்பா மதகை நோக்கி ஓடினார், பின்னாலேயே நான். பனியில் வண்டி நனைந்து நின்றது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் முனகியது. மறுபடி திருப்பினார். மறுபடி முனகியது. இறங்கி பானெட்டைத் தூக்கி, வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக, கட்டியாக, அம்மா அடுப்போரம் வைக்கும் கிண்ணத்தில் இருப்பதுபோலவே எண்ணெய். அப்பா அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். டீசல் டின்னில் டீசல் இருந்தது. அது போகிற வழிதான் அடைத்துக் கிடந்தது.

நான் வீட்டுக்கு ஓடி வெந்நீர் வேண்டும் என்றேன். அம்மா கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாள். மதகுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது வெதுவெதுப்பாகிவிடும். இரண்டு முறை, மூன்று முறை. அதற்குள் சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரி செத்துவிட்டது. ஆட்கள் கூடித் தள்ளினார்கள். ஏரிக்கரை மணலில் சக்கரம் புதைந்தது. அம்மா ஒருமுறை தானே அண்டாவோடு வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். "அய்யோ, இது ஒறையுமே! தெனமும் நான் உருக்கறேனே! என்னை ஒரு வார்த்த கேக்கலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டுக்கு ஆள் போய் வந்து, காலை பஸ் வரவேயில்லை என்றான். மாட்டு வண்டி பூட்டினார்கள். வைக்கோல் பரப்பி அத்தையைப் படுக்க வைத்து, அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஏறினார்கள். மதகைக் கடக்கும்போது அத்தை தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அப்போதும் சிரிக்கப் பார்த்தாள்.

"பஸ்ஸாவது தேவலாம்ணே" என்றாள். அதுதான் அவளிடமிருந்து நாங்கள் கேட்ட கடைசிக் கேலி.

வெயில் ஏறியது. ஏற ஏற அந்த வெள்ளை இளகியது. பத்து பேர் சேர்ந்து தள்ளினார்கள், வண்டி ஒரே உதறலில் கிளம்பிவிட்டது. எதுவுமே நடக்காததுபோல உறுமியது. நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன், யாரும் தடுக்கவில்லை. அப்பா அந்த வண்டியை அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. "புடிச்சிரலாம் பாப்பா, புடிச்சிரலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆறேழு மைலில் பிடித்துவிட்டோம். ரோட்டோரம் புளியமரத்தடியில் மாட்டு வண்டி நின்றது. மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள். அவசரமாகப் போகிறவர்கள் மாட்டை அவிழ்த்துவிடுவார்களா? அப்பாவுக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. இரண்டு உயிரும் போய்விட்டிருந்தது.

அங்கே நடந்தது எல்லாம் எனக்கு ஞாபகமில்லை. கண்ணாடி வளையல் சில உடைந்து வைக்கோலில் கிடந்தது ஞாபகமிருக்கிறது. அப்பா யார் சொல்லையும் கேட்காமல் அத்தையைத் தூக்கி வந்து பின்சீட்டில் கிடத்தினார். "என் வண்டியிலதான் போவேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். அம்மா மடியில் அத்தையின் தலை. நான் முன்னால் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் கோயில் வாசனை. வயலில் நின்ற பெண்கள் அன்றும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வெளியே இறந்தவர்களின் உடலை எங்கள் ஊருக்குள் கொண்டுவருவதில்லை. மதகருகே ஊரே கூடி நின்று வண்டியை மறித்தது. முந்தின நாள் நான் கை விரித்து நின்ற அதே இடம். அப்பா நிறுத்தினார். குனிந்து பித்தளைத் திருகைத் திருப்பினார். இன்ஜினை அமர்த்தவில்லை.

அழுகைச் சத்தத்துக்கு மேல் வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. "அமத்துய்யா! பொணத்த எறக்கணும், அமத்து!" என்று யாரோ கத்தினார்கள். அம்மா பின்னாலிருந்து, "அமத்துங்க, உங்க கால்ல வுழறேன்" என்றாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இருங்க, வாய் கொப்பளிக்கட்டும்" என்றார். "இல்லன்னா தங்கச்சி கேக்கும்."

ஐந்து நிமிஷம் முழுசாக ஓடவிட்டார். பிறகுதான் அமர்த்தினார். அதற்குப் பிறகு அவர் எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை.

ஊர் சொன்னது உங்களுக்குத் தெரிந்ததுதான். சாமி எண்ணெயை எரித்த பாவம் என்றது. எண்ணெய் ஊற்றித் தங்கச்சியைக் கொன்றவன் என்றது. சாவு வண்டியை அத்தை பார்த்திருப்பாள் என்றுகூடச் சொன்னார்கள். அவள் பார்க்கவே இல்லை, அதற்காகத்தானே எல்லாம். அத்தை வீட்டுக்காரரான மாமா ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தார். அப்பாவை அடித்துவிடுவார் என்று எல்லோரும் பயந்தார்கள். அடித்திருக்கலாம். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, பின் கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தார். கதவை ஓங்கிச் சாத்தினார், உள்விளக்கு எரிந்தது, கிளம்பிவிட்டார். மெக்கானிக் பாய் ஒரு வாரம் கழித்து வந்து வாசலில் நின்று அழுதார். "நான் மார்கழிய நெனைக்கலண்ணே. வெயில்லயே வேல பாத்துட்டுப் போயிட்டேன்" என்றார். அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

வயிற்றுச் சுமையோடு போனவளுக்காகச் சுமைதாங்கிக் கல் நட வேண்டும் என்பது வழக்கம். அப்பா மதகருகில் நட்டார். தலைச்சுமைக்காரர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து மூச்சு விட்டுப் போனார்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கல்லும் போயிற்று. வண்டி புளியமரத்தடியில் துருப்பிடித்து, அதில் கோழி அடைகாத்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது.

எங்கள் வீட்டில் மூன்று பேர் மிச்சம். மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை மூன்று பேரும் சொல்லவில்லை. உடனே அமர்த்தச் சொன்னது அம்மா. யாரோ ஒருத்தியைப் பார்த்து அத்தை என்று கத்தியது நான். வாய் கொப்பளிக்காமல் அமர்த்தியது மட்டும் அப்பா. ஊர் திட்டியபோதெல்லாம் அவர் ஒருமுறைகூட, "இவதான் சொன்னா" என்று என் பக்கம் கை காட்டவில்லை. ஒரு கரண்டி காணாமல் போனால் மூன்று நாள் தேடுகிற அம்மா, அந்தப் பித்தளைக் குடம் எங்கே என்று சாகும் வரை கேட்கவில்லை.

அப்பாவுக்குக் கடைசி நாட்களில் நான்தான் ஆஸ்பத்திரியில் துணை. எனக்கும் அப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இனிமேல் சொல்லாவிட்டால் எப்போது என்று ஒரு மத்தியானம் வாயைத் திறந்துவிட்டேன்.

"அப்பா, அன்னைக்கி மதகுகிட்ட நான்தானேப்பா அமத்தச் சொல்லி அழுதேன்."

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"நீ எங்கம்மா அங்க இருந்தே?" என்றார். "நீ வூட்டுல அத்தகூடத் தாயம் ஆடிக்கிட்டுல்ல இருந்தே."

"மஞ்சத்தண்ணிக் குடம் எடுத்துக்கிட்டு வந்தேனேப்பா."

"கொடம் நான் கொண்டுபோனது." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ அங்க இல்ல பாப்பா."

நிஜமாகவே மறந்துபோனாரா, இத்தனை வருஷம் யோசித்து எனக்காக எடுத்து வைத்திருந்த பொய்யா, தெரியவில்லை. நாலாம் நாள் போய்விட்டார். என் பங்கு பாவத்தைக்கூட என்னிடம் கொடுக்காமல் போய்விட்டார். சில நாள் சாயங்காலம் நானும் அவர் சொன்னபடியே நினைத்துப் பார்க்கிறேன். அத்தை எதிரே உட்கார்ந்திருக்கிறாள், எண்ணெய் வளையல் குலுங்கத் தாயக்கட்டையை உருட்டுகிறாள், கள்ளாட்டம் ஆடுகிறாள். அவ்வளவுதான் முடிகிறது. ஒவ்வொரு தடவையும் தெருவில் வண்டிச் சத்தம் கேட்கிறது, அத்தை ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.